லெபனான்: 1932-க்குப் பிறகு எண்ணப்படாத மதக் கணக்கு

லெபனானில் கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 1932 ஜனவரி 31 அன்று. அதன் பிறகு அந்நாடு பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுதலை பெற்றது. பதினைந்து ஆண்டுகள் உள்நாட்டுப் போரில் சிக்கியது. பாலஸ்தீனத்திலிருந்தும் சிரியாவிலிருந்தும் வந்த லட்சக்கணக்கான அகதிகளுக்கு இடம் கொடுத்தது. தன் குடிமக்களில் பெரும்பகுதியினரைப் பிற நாடுகளுக்கு அனுப்பியது. இத்தனைக்கும் இடையில் தன் மக்களில் எந்த மதத்தைச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பதை அரசு ஒருமுறைகூட எண்ணிப் பார்த்து அறிவிக்கவில்லை. மக்கள்தொகையில் மதங்களின் பங்கு எப்படிக் கணக்கிடப்படுகிறது, அந்தக் கணக்கு எதற்குப் பயன்படுகிறது என்று ஆராய்வதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு கிடைப்பது அரிது.

எண்ணிப் பார்த்தால் கலவரம் வரும் என்ற அச்சத்தால்தான் லெபனான் எண்ணுவதில்லை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மைதான். இந்தியக் கணக்கெடுப்பில் உங்கள் மதம் எது என்று அலுவலர் கேட்கிறார், நாம் சொல்வதை எழுதிக்கொள்கிறார்; அதனால் நம் சட்டமன்றத் தொகுதி மாறுவதில்லை. லெபனானிலோ ஒருவர் எந்தச் சமயப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதே அவர் எந்தப் பதவிக்குப் போட்டியிடலாம், யாரிடம் திருமணத்தைப் பதிய வேண்டும், தந்தையின் சொத்தில் எவ்வளவு பெறலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே மதவாரி மக்கள்தொகை அங்கே ஒரு புள்ளிவிவரமாக அல்லாமல், அரசில் ஒவ்வொரு பிரிவுக்கும் உள்ள பங்கைக் காட்டும் சொத்துப் பத்திரமாக இருந்துவருகிறது. பத்திரத்தைத் திருத்த வேண்டுமானால் பங்காளிகள் எல்லாரும் கையெழுத்திட வேண்டும்.

எண்ணப்பட்டவர்கள், விடுபட்டவர்கள்

1920 செப்டம்பர் 1 அன்று பிரெஞ்சுத் தளபதி ஹென்றி குரோ பெரிய லெபனான் என்ற நாட்டை அறிவித்தார். அதற்கு முன்பு ஒட்டோமான் ஆட்சியில் தன்னாட்சி பெற்றிருந்த லெபனான் மலைப்பகுதியில் ரோம் திருச்சபையோடு இணைந்த மரோனைட் கிறிஸ்தவர்களும், ஷியா மரபிலிருந்து கிளைத்துத் தனிச் சமயமான துரூஸ்களுமே முதன்மையான பிரிவினர். கிறிஸ்தவர்களுக்குத் தெளிவான பெரும்பான்மை இருந்தது. ஆனால் மலை மட்டும் ஒரு நாடாக நிலைக்காது என்பதை 1915 முதல் 1918 வரை நீடித்த கொடும்பஞ்சம் உணர்த்தியிருந்தது. அதனால் பெய்ரூட், திரிப்போலி, சிடோன், டயர் ஆகிய துறைமுகங்களும் தானியம் விளையும் பெக்கா சமவெளியும் சேர்க்கப்பட்டன. நிலத்தோடு அங்கே வாழ்ந்த சுன்னிகளும் ஷியாக்களும் சேர்ந்து வந்தார்கள். தமக்கென ஒரு நாடு வேண்டும் என்று கேட்ட மரோனைட் தலைமை, அந்த நாட்டைப் பெற்ற அன்றே தன் பெரும்பான்மையை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டது. அடுத்த ஆண்டு நடந்த முதல் கணக்கெடுப்பைச் சுன்னிகளில் பலர் புறக்கணித்தனர். எண்ணப்படுவது புதிய நாட்டை ஏற்பதாகிவிடும் என்று அவர்கள் கருதினார்கள். இந்தப் புறக்கணிப்பின் விலை அவர்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

1932 கணக்கெடுப்பில் நாட்டில் குடியிருந்த லெபனானியர் எட்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மரோனைட்டுகள் ஏறத்தாழ 29 விழுக்காடு, சுன்னிகள் 22, ஷியாக்கள் 20, கிரேக்க ஆர்த்தடாக்ஸ் பிரிவினர் 10, துரூஸ்கள் 7, கிரேக்கக் கத்தோலிக்கர் 6. எஞ்சியவர்களில் ஆர்மீனியரும் பிற சிறு பிரிவினரும் அடங்குவர். கிறிஸ்தவர் அனைவரையும் கூட்டினால் பாதியைச் சற்றே தாண்டுகிறது. வெவ்வேறு ஆய்வாளர்கள் எடுத்தாளும் அட்டவணைகளில் சில ஆயிரம் பேர் கூடுவதும் குறைவதும் உண்டு என்றாலும், கிறிஸ்தவர் பங்கு 50-ஐயோ 51-ஐயோ ஒட்டியே நிற்கிறது.

இந்த மெல்லிய பெரும்பான்மையை உறுதிப்படுத்த ஒரு வழி இருந்தது. அமெரிக்க நாடுகளுக்கும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் குடிபெயர்ந்திருந்த சுமார் இரண்டரை லட்சம் பேரும் கணக்கில் தனிப் பத்திகளாகப் பதிவு செய்யப்பட்டார்கள். 1924 ஆகஸ்ட் 30-க்கு முன் சென்றவர், பின் சென்றவர், வரி கட்டுபவர், கட்டாதவர் என்று அந்தப் பத்திகள் நுணுக்கமாகப் பிரிக்கப்பட்டிருந்தன. முதல் உலகப்போருக்குப் பின் துருக்கியோடு செய்துகொண்ட லோசான் உடன்படிக்கையின்படி ஒட்டோமான் குடிமக்கள் புதிய நாடுகளின் குடிமக்களாக மாறிய நாள் என்பதால் அந்தத் தேதிக்குச் சட்ட முக்கியத்துவம் இருந்தது. வெளிநாடு சென்றவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கிறிஸ்தவர்கள். அவர்களையும் சேர்த்துக் கூட்டினால் கிறிஸ்தவர் பங்கு 58 விழுக்காட்டை எட்டுகிறது.

இன்னொரு பக்கம் நாட்டுக்குள்ளேயே வாழ்ந்த பலர் எண்ணப்படவில்லை. வடக்கு எல்லையில் உள்ள வாதி காலித் பகுதியின் மக்கள் அன்று பதிவு செய்துகொள்ளவில்லை. நாடோடிப் பழங்குடியினரும் குர்துகளில் பலரும் விடுபட்டார்கள் அல்லது அயலவராகக் குறிக்கப்பட்டார்கள். துருக்கியிலிருந்து தப்பி வந்த ஆர்மீனியர்களுக்கோ 1924-லேயே குடியுரிமை கிடைத்திருந்ததால் அவர்கள் முறையாகக் கணக்கில் சேர்ந்தார்கள். யார் லெபனானியர் என்ற கேள்விக்கான விடையும் எந்த மதத்தினர் எத்தனை பேர் என்ற கேள்விக்கான விடையும் ஒரே படிவத்தில், ஒரே நாளில் எழுதப்பட்டன. லெபனானின் சிக்கலுக்கு மூலம் இதுவே என்று கருதுகிறேன். அன்று பதிவானவரின் ஆண்வழிப் பேரன் சாவோ பாவ்லோவில் பிறந்திருந்தாலும் லெபனானியர். பதிவாகாதவரின் பேரன் அதே ஊரில் பிறந்து வளர்ந்திருந்தாலும் நாடற்றவர்.

இக்கணக்கு எப்படிப் பயன்படும் என்பது நான்கே மாதங்களில் தெரிந்துவிட்டது. குடியரசுத் தலைவர் தேர்தல் நெருங்கியபோது, நாடாளுமன்ற அவைத்தலைவராக இருந்த திரிப்போலியைச் சேர்ந்த சுன்னித் தலைவர் முகம்மது அல்-ஜிஸ்ர் போட்டியில் இறங்கினார். இரு மரோனைட் போட்டியாளர்களான எமில் எத்தேயும் பிஷாரா அல்-கூரியும் ஒருவரை ஒருவர் தடுப்பதில் முனைந்திருக்க, எத்தே தன் ஆதரவை அல்-ஜிஸ்ருக்குத் திருப்பினார். ஒரு முஸ்லிம் தலைவராக வெல்லக்கூடும் என்ற நிலை உருவானதும், பிரெஞ்சு உயர் ஆணையர் ஹென்றி போன்சோ 1932 மே 9 அன்று அரசமைப்பையே நிறுத்திவைத்தார். குடியரசுத் தலைவர் இன்ன மதத்தவராக இருக்க வேண்டும் என்று அந்த அரசமைப்பில் ஒரு வரிகூட இல்லை, இன்றும் இல்லை.

பதினொன்றின் மடங்குகள்

1943-இல் நடந்தவை இந்த ஆய்வின் மையம். அந்த ஆண்டின் நடுவில் இடைக்கால ஆட்சித் தலைவராக இருந்த அய்யூப் தாபித், நாடாளுமன்றத்தின் 54 இடங்களில் கிறிஸ்தவர்களுக்கு 32, முஸ்லிம்களுக்கு 22 என்று ஆணையிட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தால் கிறிஸ்தவர் பங்கு 59 விழுக்காடு வருகிறது. குடிபெயர்ந்தவர்களைச் சேர்த்து எண்ணிய கணக்கு இது என்பது அந்த எண்ணிலேயே தெரிகிறது. முஸ்லிம்கள் கொதித்தெழுந்தார்கள், நாட்டில் இல்லாதவர்களுக்கு இடம் ஒதுக்குவது என்ன நியாயம் என்று கேட்டார்கள். உள்ளூரில் வாழ்பவரை மட்டும் எண்ணியிருந்தால் பாதிக்குப் பாதி வந்திருக்கும். பிரிட்டிஷ் தூதர் எட்வர்ட் ஸ்பியர்ஸ் முன்னின்று நடத்திய பேச்சின் முடிவில் தாபித் விலக நேர்ந்தது. 55 இடங்களில் 30-க்கு 25, அதாவது ஆறுக்கு ஐந்து என்று உடன்பாடு ஏற்பட்டது. ஆறுக்கு ஐந்து என்பது 54.5 விழுக்காடு. குடியிருப்போர் கணக்குக்கும் குடிபெயர்ந்தோரையும் சேர்த்த கணக்குக்கும் ஏறக்குறைய நடுப்புள்ளியில் அது விழுகிறது. அறிவியல் வழி எண்ணி எட்டிய விகிதம் போல இது பின்னாளில் மேற்கோள் காட்டப்பட்டாலும், உண்மையில் சந்தையில் பேரம் படிவதைப் போலப் படிந்த விகிதம்தான்.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் குடியரசுத் தலைவர் பிஷாரா அல்-கூரியும் பிரதமர் ரியாத் அல்-சுல்ஹும் செய்துகொண்ட, எழுத்தில் இல்லாத தேசிய உடன்பாடு இதற்குத் துணை நின்றது. குடியரசுத் தலைவர் மரோனைட்டாகவும் பிரதமர் சுன்னியாகவும் இருப்பார்; அவைத்தலைவர் பதவி ஷியாக்களுக்கு உரியது என்ற மரபும் சில ஆண்டுகளில் உறுதியானது. நாடாளுமன்றத்தின் அளவு அதன்பின் பலமுறை மாறியது: 1951-இல் 77, 1953-இல் 44, 1957-இல் 66, 1960-இல் 99. எல்லாம் பதினொன்றின் மடங்குகள். தொகுதிகளைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆறும் ஐந்துமாகப் பிரிக்க முடியாத எண்ணை மட்டும் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு நாள் எடுத்த கணக்கு ஒரு நாட்டின் நாடாளுமன்றத்தை வாய்பாட்டுக்குள் அடக்கிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

1950-களில் புதிய கணக்கெடுப்பு வேண்டும் என்று முஸ்லிம் தலைவர்கள் வற்புறுத்தத் தொடங்கினார்கள். பிறப்பு விகிதத்தின் வேறுபாடும் கிறிஸ்தவர்கள் அதிக அளவில் வெளியேறியதும் சமநிலையை மாற்றியிருந்தன என்பதை எல்லாரும் அறிந்திருந்தார்கள். எடுக்கலாம், ஆனால் வெளிநாட்டில் வாழ்பவர்களையும் எண்ண வேண்டும் என்று கிறிஸ்தவத் தரப்பு பதில் சொன்னது. யாரை எண்ணுவது என்பதில் உடன்பாடு இல்லாதபோது எண்ணும் பேச்சு அங்கேயே நின்றது. 1970-இல் அரசு ஒரு பெரிய மாதிரி ஆய்வு நடத்தி மக்கள்தொகை ஏறத்தாழ 21 லட்சம் என்று கண்டது. படிவத்தில் மதம் பற்றிய கேள்வி இல்லை.

1975-இல் போர் மூண்டதும் அடையாள அட்டையில் அச்சிட்டிருந்த சமயப் பிரிவே உயிரை எடுத்தது. அவ்வாண்டு டிசம்பர் 6 அன்று பெய்ரூட்டில் தடுப்பரண்களில் அட்டைகளைப் பார்த்துப் பிரித்து நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அந்த நாளுக்குக் கறுப்புச் சனிக்கிழமை என்று பெயர். 1989 அக்டோபரில் சவூதி அரேபியாவின் தாயிஃப் நகரில் கூடிய நாடாளுமன்ற உறுப்பினர்கள், அட்டையிலிருந்து சமயப் பிரிவை நீக்குவது என்று முடிவு செய்தார்கள். 1972 தேர்தலில் வென்றவர்களே அவர்கள். போரினால் இடையில் தேர்தல் நடக்கவில்லை. ஆறுக்கு ஐந்து என்ற விகிதத்தையும் அங்கே கைவிட்டுப் பாதிக்குப் பாதி என்றாக்கினார்கள். 1992 முதல் 128 இடங்கள்: 64 கிறிஸ்தவர்களுக்கு, 64 முஸ்லிம்களுக்கும் துரூஸ்களுக்கும் ஷியா மரபிலிருந்து கிளைத்த சிறு பிரிவான அலவிகளுக்கும் சேர்த்து. அதற்குள்ளும் மரோனைட்டுகளுக்கு 34, சுன்னிகளுக்கும் ஷியாக்களுக்கும் தலா 27, கிரேக்க ஆர்த்தடாக்ஸ் பிரிவுக்கு 14, துரூஸ்களுக்கும் கிரேக்கக் கத்தோலிக்கருக்கும் தலா 8 என்று ஒன்றிரண்டு இடங்கள் வரை நுணுக்கமான பங்கீடு. எண்ணுவதை நிறுத்திவிட்டோம் என்று முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரீரி சொன்னதாக ஒரு வாசகம் அந்நாட்டு அரசியலில் இன்றும் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது. எண்ணிக்கை எதுவானாலும் பாதிப் பங்கு நிலைக்கும் என்று கிறிஸ்தவர்களுக்கு அது ஓர் உறுதிமொழி. ஆனால் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளாமல் அந்த உறுதிமொழியைக் கொடுக்கவும் முடியாது.

பதிவேட்டில் ஒருவர்

எண்ணுவதை நிறுத்தினாலும் எழுதுவதை யாரும் நிறுத்தவில்லை. குடிப்பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரும் நகல் ஒன்று லெபனானில் பெரும்பாலான அலுவல்களுக்குத் தேவைப்படுகிறது. பெயர், தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த இடமும் நாளும், திருமண நிலை ஆகியவற்றோடு, பதிவு எந்த ஊரில் எந்த எண்ணில் உள்ளது என்பதும் சமயப் பிரிவும் அதில் இருக்கும். அந்த ஊர், அவர் வாழும் ஊர் அல்ல; குடும்பத்தின் பதிவு இருக்கும் மூதாதையர் ஊர். மூன்று தலைமுறையாகப் பெய்ரூட்டில் வாழும் குடும்பமும் தேர்தல் நாளில் தெற்கிலோ பெக்காவிலோ உள்ள கிராமத்துக்குப் போய்த்தான் வாக்களிக்க வேண்டும். பெண்ணின் பதிவு திருமணமானதும் தந்தையின் பக்கத்திலிருந்து அடிக்கப்பட்டுக் கணவரின் பக்கத்தில் எழுதப்படுகிறது. 1925-இல் பிரெஞ்சு ஆட்சி கொண்டுவந்த குடியுரிமை ஆணையின்படி குடியுரிமை தந்தை வழியே வருவதால், அயல்நாட்டவரை மணந்த லெபனானியப் பெண் தன் பிள்ளைக்கு அதைத் தர முடியாது. இதை மாற்றக் கோரும் இயக்கங்களுக்குச் சொல்லப்படும் மறுப்புகளில் முதன்மையானது, பாலஸ்தீனரையும் சிரியரையும் மணந்தவர்களின் பிள்ளைகள் சேர்ந்தால் மதச் சமநிலை குலையும் என்பதே. பெண்ணுரிமைக் கேள்வி ஒன்று இப்படி மக்கள்தொகைக் கேள்வியாகத் திரிந்துவிடுகிறது.

பதிவேட்டில் உள்ள பிரிவை நம்பிக்கையின் அளவாக எடுத்துக்கொள்வது தவறு. பிரெஞ்சு உயர் ஆணையர் 1936-இல் பிறப்பித்த ஆணை அங்கீகரிக்கப்பட்ட பிரிவுகளை வகுத்தது. 1990-களில் எகிப்தைத் தாயகமாகக் கொண்ட காப்டிக் திருச்சபை சேர்ந்ததோடு அவை 18 ஆயின. வயதுவந்தவர் எவரும் விண்ணப்பித்து வேறு பிரிவுக்கு மாறலாம். மாறுகிறவர்கள் பெரும்பாலும் எதற்காக மாறுகிறார்கள் என்பதைக் கவனித்தால் பல விஷயம் விளங்கும். ஆண் பிள்ளை இல்லாத சுன்னித் தந்தையின் சொத்தில் மகள்களோடு அவருடைய சகோதரர்களுக்கும் பங்குண்டு. ஷியா சட்டத்தில் மகள்களே முழுச் சொத்துக்கும் உரியவர்கள். ஆகவே மகள்களை மட்டுமே பெற்ற வசதியான சுன்னிகள் சிலர் முதுமையில் ஷியாவாகப் பதிவு மாறுவது அங்கே யாருக்கும் வியப்பளிக்காத செய்தி. மணமுறிவு பெற வழியில்லாத மரோனைட்டுகள் ஆர்த்தடாக்ஸ் பிரிவுக்கு மாறுவதும் அப்படியே. பிரிவு கடந்து மணப்போர் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் பறந்து சைப்ரஸ் சென்று பதிவுத் திருமணம் செய்துகொண்டு திரும்புகிறார்கள்; அந்தத் திருமணத்தை லெபனான் ஏற்கும், தன் மண்ணில் அப்படி ஒன்றை நடத்த மட்டும் மறுக்கும்.

2009-இல் உள்துறை அமைச்சராக இருந்த ஸியாத் பாரூத், விரும்புவோர் பதிவேட்டில் தங்கள் பிரிவை அழித்துக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கை வெளியிட்டார். அது துணிவான நடவடிக்கைதான், ஆனால் அழித்துக்கொண்டவர்களுக்கு அடுத்த கதவு திறக்கவில்லை. ஒவ்வொரு நாடாளுமன்ற இடமும் ஒரு பிரிவுக்கு உரியதாக இருக்கும்போது, பிரிவற்றவர் எந்த இடத்தில் போட்டியிடுவார்?

தாயிஃப் உடன்பாட்டுக்குப் பிறகு திருத்தப்பட்ட அரசமைப்பின் 95-ஆம் பிரிவு, உயர் பதவிகளை மட்டும் இரு தரப்புக்கும் சமமாகப் பங்கிட்டு, மற்றப் பணிகளைத் தகுதி அடிப்படையில் நிரப்பச் சொல்கிறது. காட்டுக் காவலர் வேலை எந்த அளவுகோலிலும் உயர் பதவி ஆகாது. இருந்தும், அரசுப் பணித் தேர்வில் வெற்றி பெற்ற காட்டுக் காவலர்களை நியமிக்கும் ஆணை ஆண்டுக்கணக்கில் கையெழுத்தாகாமல் கிடந்தது, தேறியவர்களில் முஸ்லிம்கள் அதிகம், கிறிஸ்தவர்கள் குறைவு, எனவே சமநிலை இல்லை என்ற காரணத்தால். 2019-இல் குடியரசுத் தலைவர் மிஷல் அவுன் அந்தச் சட்டப்பிரிவுக்கு விளக்கம் கேட்டு நாடாளுமன்றத்துக்கே கடிதம் எழுதினார். பயிற்சிக்கும் சீருடைக்கும் காத்திருந்த அந்த இளைஞர்களுக்கு, தாங்கள் பிறப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு கணக்கெடுப்போடு என்ன தொடர்பு என்பதை விளக்குவது கடினமாக இருந்திருக்கும்.

தெரிந்தும் அறிவிக்காத எண்

மதவாரிக் கணக்கு தெரியாததால்தான் லெபனான் திணறுகிறது என்று சொல்வாரும் உண்டு. அது சரியல்ல. வாக்காளர் பட்டியலில் ஒவ்வொருவரின் சமயப் பிரிவும் குறிக்கப்பட்டுள்ளது. தேர்தல்தோறும் நாளிதழ்களும் ஆய்வு நிறுவனங்களும் கூட்டிக் கழித்து வெளியிடுகின்றன. 2018 பட்டியலில் 37 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர்கள். கிறிஸ்தவர்கள் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறார்கள். சுன்னிகளும் ஷியாக்களும் ஏறத்தாழச் சமமாக, ஒவ்வொரு தரப்பும் 30 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே. மரோனைட்டுகள் ஐந்தில் ஒரு பங்கு. வாக்குரிமை வயது 21 என்பதால் இளைய தலைமுறை இதில் வராது. பிள்ளைகள் அதிகமுள்ள பிரிவுகளின் பங்கு மொத்த மக்களில் இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

இந்த எண்ணுக்குள்ளும் 1932-இன் பழைய சிக்கல் அப்படியே ஒளிந்திருக்கிறது. 2018-19-இல் அரசின் புள்ளியியல் துறை நடத்திய வீட்டு ஆய்வு, முகாம்களில் வாழ்பவர்களைத் தவிர்த்து, நாட்டில் குடியிருப்போர் 48 லட்சம் என்றும் அவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் லெபனானியர் என்றும் கண்டது. அதாவது குழந்தைகளையும் சேர்த்து நாட்டில் வாழும் லெபனானியர் 39 லட்சத்துக்கு உள்ளேதான். வாக்காளர் பட்டியலிலோ 21 வயதைக் கடந்தவர்கள் மட்டுமே 37 லட்சம். நாட்டில் வாழும் வயதுவந்தோருக்கும் பட்டியலுக்கும் உள்ள இடைவெளியில் பெரும்பகுதி வெளிநாட்டில் வாழ்பவர்கள். சிலர் ஆண்டுதோறும் வந்து போகிறார்கள், சிலர் அம்மண்ணை மிதித்ததே இல்லை; பதிவேடு அவர்களை வேறுபடுத்துவதில்லை. முன்பு குடிபெயர்ந்தவர்களில் கிறிஸ்தவர்களே அதிகம். இப்போது எல்லாப் பிரிவினரும் போகிறார்கள். எனவே வெளிநாட்டில் வாழ்பவர்களைச் சேர்த்தாலும் தவிர்த்தாலும் எந்தப் பிரிவுக்கு இலாபம் என்பது அன்றைக்கு இருந்தது போல இன்று அவ்வளவு எளிதாகச் சொல்லக்கூடியதல்ல.

விடுபட்டவர்களைச் சேர்க்க ஒரு முயற்சி 1994-இல் நடந்தது. ஒரே ஆணையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் குடியுரிமை கொடுத்தார்கள். வாதி காலித் மக்களும் தெற்கு எல்லையின் ஏழு கிராமங்களைச் சேர்ந்தவர்களும் அதில் அடங்குவர். பெரும்பான்மையானோர் முஸ்லிம்கள் என்பதால் மரோனைட் கழகம் வழக்குத் தொடர்ந்தது. ஆணையை மறுபரிசீலனை செய்யும்படி 2003-இல் உச்ச நிர்வாக நீதிமன்றம் உள்துறைக்குத் திருப்பியனுப்பியது. வாதி காலிதில் அன்று குடியுரிமை பெற்றவர்களின் பிள்ளைகள் இப்போது வாக்களிக்கும் வயதை எட்டியிருக்கிறார்கள். 2018-19 ஆய்வின் படிவத்தில் கல்வி, வேலை, வருமானம், வீட்டின் நிலை எல்லாம் கேட்கப்பட்டன. மதம் கேட்கப்படவில்லை.